விடிவதற்குள் நிரம்பும் தொட்டி

"ராத்திரி காலி பண்ணா விடியறதுக்குள்ள தொட்டி நிரம்பிடுது. மெஷினையே மாத்திடுங்க," என்றார் குடியிருப்பின் செக்ரட்டரி.

மெக்கானிக் சவரிமுத்து தரைத்தளத்துக்குக் கீழே இருந்த தாழ்வான கிடங்குக்குள் தவழ்ந்து போனான். குடியிருப்புக்காரர்கள் ஒதுக்கிப் போட்ட சோபாக்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க வைத்த மெஷின் அது; காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தன் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும். அதை ஒட்டிப் பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் ஐந்தாம் வகுப்புப் புத்தகம்.

"இங்க யாரு சார் படுக்கிறா?"

"வாட்ச்மேன் குடும்பம். நாலு பேர். வேற இடமில்லையே."

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. இது அவங்க விட்ட மூச்சு."

செக்ரட்டரி யோசித்தார். "அப்ப இதைவிடப் பெருசா ஒண்ணு போடுங்க. சோபா வீணாப் போயிடும்."

சவரிமுத்து நிரம்பிய தொட்டியைத் தளும்பாமல் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தான்.

"பிடிங்க சார். இன்னும் வெதுவெதுன்னு இருக்கு."