ஆட்டின் பங்கு

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய ஊர்க்காவலன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. அவன் மனைவி அய்யம்மாள் செக்கச்செவேலென்று ஒரு டம்ளர் ஜூஸை நீட்டினாள்.

"கரண்டு போறதுக்குள்ள அரைச்சிட்டேன். பிடிங்க. உடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாகல்ல?"

பீட்ரூட், கேரட், கொய்யா என்று என்னத்தைப் போட்டு அரைத்தாலும் அந்தப் பச்சை வாடை அவனுக்கு ஆகாது. "காத்தாடக் குடிக்கேன்" என்று வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போனான். அங்கே ஆடு காத்து நின்றது. அவன் பங்கைக் குடித்துக் குடித்து அதுதான் மினுமினுத்தது.

டம்ளரைச் சாய்க்கப் போனவன் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தான். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அவளும் சற்று முன்புதான் வந்திருந்தாள். மிக்ஸியைக் கழுவவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

இவளையா இத்தனை நாளும் ஏய்த்தோம் என்று அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தான். நாக்கில் நறநறத்தது. ஆடு அவனைப் பார்த்துக் கத்தியது.

உள்ளே வந்தவனின் சிவந்த மீசையைக் கண்டதும் அவள் பதறி எழுந்தாள்.

"ஐயய்யோ, நீங்களா குடிச்சீக?"

"ஏன், எனக்குத்தான குடுத்த?"

"நீங்க ஆட்டுக்கு ஊத்துறதப் பாத்ததுலருந்து வெறும் தோலும் காம்பும்தான அரைக்கேன்!"

அவன் மீசையை அழுந்தத் துடைத்தான். "பெறகு என் கையில எதுக்குக் குடுத்த?"

"நான் வச்சா அது குடிக்க மாட்டேங்குது. அதையாவது தேத்தி வித்து, உங்களுக்கு டானிக் வாங்கலாம்னு பாத்தேன்."

காலி டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சுவரில் சாய்ந்தாள்.

"இன்னைக்கு அதோட பங்கையும் குடிச்சிட்டு வந்து நிக்கீக."