மாப்பிள்ளை அழைப்பு

செங்கல் சூளையில் எல்லாரும் சாப்பிடப் போகும் அந்த அரை மணி நேரத்தைத்தான் பூனைக்கால் குறி வைத்திருந்தான். ரோட்டு முனையில் வண்டி தயார். சூளையில் கட்டியிருந்த கழுதையை அதில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதே சூளையில் போன மாதம் இரண்டு ஆட்டையும் ஒரு தண்ணீர் மோட்டாரையும் சத்தமே இல்லாமல் கிளப்பியவன் அவன். பெயர் சும்மாவா வந்தது?

கயிற்றை அவிழ்த்து இழுத்தான். கழுதை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, “யாரப்பா நீ?” என்பதுபோல் பார்த்தது. பின்னால் போய்த் தள்ளினான். அது விட்ட உதையில் செங்கல் குவியலில் போய் உட்கார்ந்தான்.

“ஐயையோ! மாப்பிள்ளைக்குப் பின்னாடி போய் நிக்கலாமா?”

மர நிழலில் ஓர் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூனைக்கால் துள்ளி எழுந்தான்.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்க்கா. முதலாளி சொன்னாரு” என்றான், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே.

“புதுசா வேலைக்கு வந்திருக்கே போல. மாப்பிள்ளைங்கிறது இவரு பேரு. இழுத்தா வருவாரா? முன்னாடியும் நிக்காதே, பின்னாடியும் நிக்காதே. தோளோட தோளா நில்லு. கயிறைத் தளர விடு.”

நம்பிவிட்டாள்! பூனைக்கால் தோளோடு தோளாக நின்றான்.

“காதுக்கு அடியில சொறிஞ்சு விடு. மெதுவாப்பா! பாத்திரமா தேய்க்கிறே?”

கழுதை கண்ணை மூடியது. கீழுதடு சொகுசாகத் தொங்கியது. ஆனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

“அவர் மூஞ்சியையே முறைக்காதே. போற வழியைப் பாரு. வந்தா வரட்டும்னு நீ பாட்டுக்கு நட.”

“வரலைன்னா?”

“பொறு. அவரு யோசிக்கிறாரு. உனக்கு அந்தப் பழக்கம் இல்லைன்னா யோசிக்கிறவரைக் கெடுப்பியா?”

இன்னும் ஐந்து நிமிடம்தான். ஆட்கள் திரும்பி வந்துவிட்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும். பூனைக்கால் பல்லைக் கடித்துக்கொண்டு, உலகத்தில் கழுதை என்று ஒரு பிராணியே இல்லை என்பதுபோல் ரோட்டைப் பார்த்து ஓரடி வைத்தான்.

பக்கத்தில் குளம்புச் சத்தம்.

ஒன்று. இரண்டு. அப்புறம் நாலு, பத்து. தானே யோசித்துக் கண்டுபிடித்த வழி மாதிரி, மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தார்.

“வந்துட்டாருக்கா!” பூனைக்காலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “ரொம்ப நன்றிக்கா!”

அக்கா நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, ஒரு விசிலை எடுத்து ஊதினாள். செங்கல் அடுக்குக்குப் பின்னாலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பூனைக்காலின் தோளோடு தோளாக நின்றார்கள்.

“நன்றி நான்ல சொல்லணும்” என்றாள், சாதாரணப் புடவையில் வந்திருந்த அந்தப் பெண் ஏட்டு. “அது நின்ன இடத்துலயே நின்னிருந்தா, ‘சும்மா கழுதையோட பேசிட்டிருந்தேன்’னு சொல்லி கோர்ட்டுல தப்பிச்சிருப்பே, நகர்ந்தாத்தானேப்பா அது திருட்டு!”