அறுபத்திரண்டு கிலோ மூட்டை

“மூட்டைய நிமித்தி வைக்காதீங்க தம்பி. படுக்க வைங்க. ஒரு சொட்டு தண்ணி படக் கூடாது.”

தங்கமுத்து சொன்னதைக் கேட்டு ஜஸ்டினுக்கு எரிச்சலாக வந்தது. கோட்டைப்பட்டினத்தில் பதினெட்டு வருஷமாக அவன் போட் மெக்கானிக். வேகம் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் கனத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். இந்த மனிதர் என்னவென்றால், திருவரங்குளத்திலிருந்து ஒரு நெல் மூட்டையைக் காரில் கொண்டுவந்து, சரியாக அறுபத்திரண்டு கிலோ என்று எடை போட்டுக் காட்டி, புது ஃபைபர் போட்டின் நடுவில் ஏற்றச் சொல்கிறார்!

“பத்து கடல் மைல் தள்ளி இருந்து, இந்த மூட்டையோட கரைக்கு எத்தனை நிமிஷத்துல வரும்?”

“மீன் பிடிக்கவாங்க வாங்கிருக்கீங்க?”

“இல்ல தம்பி.”

“பின்ன, போட் ரேசுக்கா?”

“அதெல்லாம் இல்ல. மூட்டை பத்திரமா, சீக்கிரமா கரைக்கு வரணும். அம்புட்டுதான். மத்தத சொல்றப்ப சொல்றேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கும்பிடுவதில் அந்த மனிதருக்குச் சலிப்பே கிடையாது. படகு கட்டும் ஜெட்டியில் வலை உதறுகிறவரைக் கும்பிட்டார், ஐஸ் உடைக்கிறவரைக் கும்பிட்டார். தன் தோப்பு இளநீரைக் கார் நிறையக் கொண்டுவந்து, “குடிங்கய்யா, குடிங்க” என்று எல்லோருக்கும் சீவிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஆட்களிடம் இத்தனை பணிவு எதற்கு? ஆட்களைச் சரிக்கட்டத்தான் என்று ஜஸ்டின் முடிவு கட்டிவிட்டான்.

மதியம் சோறு கொண்டுவந்த அவன் மனைவி ஷர்லியும் அதையேதான் சொன்னாள்.

“இன்னைக்கு நெல்லு. நாளைக்கு அந்த மூட்டைக்குள்ள என்ன இருக்கும்? கடல் அட்டையா, கடத்தல் தங்கமா? மாட்டுனா இன்ஜின் பூட்டுன ஒங்களத்தான் மொதல்ல கேப்பாங்க. புள்ள ப்ளஸ் டூ படிக்குது. முடியாதுன்னு சொல்லிருங்க.”

“சொன்னா வேற மெக்கானிக்கிட்ட போவாரு. அவன் பறக்குற மாதிரி செஞ்சு குடுத்துருவான். நானே செய்றேன். ஓடாத மாதிரி செய்றேன்.”

“இது என்ன கூத்து?”

“போலீஸ் துரத்துனா மாட்டணும்ல! அதுக்குத்தான்.”

அப்படியே செய்தான். நாற்பது ஹெச்.பி. இன்ஜினை, பின்பலகையில் இருக்க வேண்டிய உயரத்துக்கு இரண்டு அங்குலம் தாழ்த்திப் பூட்டினான். பெட்ரோல் டேங்கைப் பின்னால் தள்ளி வைத்தான், முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும், வேகம் எடுக்காது என்று. வேகம் கூட்டும் கேபிளையும் பாதிக்கு மேல் இழுபடாதபடி கட்டி வைத்தான். இதுவரை எந்த இன்ஜினையும் வேண்டுமென்றே அவன் கெடுத்ததில்லை. மனசு உறுத்தத்தான் செய்தது. நல்லதுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே போல்ட்டை முறுக்கினான்.

மறுநாள் காலை வெள்ளோட்டம். பத்து மைல் போய்த் திரும்பினார்கள். தங்கமுத்துவுக்குக் கடல் புதிது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஆனாலும் ஒரு கையில் செல்போன் கடிகாரம், மறு கை மூட்டை மேல். ஓர் அலை சீறி உள்ளே தெறித்தபோது, சட்டென்று மூட்டை மேல் குனிந்து தன் முதுகில் வாங்கிக்கொண்டார்.

‘நெல்லுக்கே இந்தப் பாடு! அப்ப வரப்போற சரக்கு பெரிய சரக்குதான்’ என்று நினைத்துக்கொண்டான் ஜஸ்டின்.

ஜெட்டியில் போட் வந்து நின்றது. திரும்பி வர முப்பத்தெட்டு நிமிஷம்.

“இதுக்கு மேல ஓடாதுங்கய்யா” என்றான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. நன்றாகத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தான்.

தங்கமுத்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. ஜஸ்டினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“போதும் தம்பி. ரொம்பப் போதும். நீங்க நல்லா இருக்கணும்.”

“ஐயா, என்னங்கய்யா இது?”

“அறுபத்திரண்டு கிலோ... எம்மகன் கோபிநாத்தோட வெயிட்டு. ரெண்டு வருஷம் முன்ன கூட்டாளிகளோட கடல் பாக்க இங்க வந்தான். நடுக்கடல்ல போட்டுக்குள்ளயே வழுக்கி விழுந்து தலையில அடி. இந்த ஜெட்டி ஆளுகதான் மடியில போட்டு, சட்டையக் கழட்டிப் போத்தி, ஈரம் படாம கொண்டாந்தாங்க. பெத்த புள்ளைக்கு அழுவுற மாதிரி அழுதாங்களாம். அன்னைக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரல.”

ஜஸ்டினுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அந்த போட்டுக்குச் சின்ன இன்ஜின். கரை வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது.

“இந்த போட்டு இந்தக் கரைக்குத்தான் தம்பி. யாருக்கு அடிபட்டாலும் எடுத்துட்டுப் போங்க. சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். அன்னைக்கு எம்புள்ளைக்கு நாப்பது நிமிஷம் மூச்சு இருந்துச்சு. இது முப்பத்தெட்டுல வந்துருச்சு. போதும்.”

ஜஸ்டின் சாவியை வாங்கவில்லை. ஸ்பேனரை எடுத்தான்.

“போதாதுங்கய்யா. இன்னும் பதிமூணு நிமிஷத்த நான் இதுக்குள்ள கட்டி வச்சிருக்கேன். செத்த இருங்க, அவுத்து விட்டுர்றேன்.”