நான்காம் நம்பர் லீவர்

"இழுங்க," என்றார் விசாரணை அதிகாரி.

சிக்னல்காரர் இழுத்தார். நான்காம் நம்பர் லீவர் அசையவில்லை.

மூன்று நாளாக ஒரே கேள்வி. உட்கார்ந்தால் கண் சொருகிவிடும் என்று நின்றுகொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் லீவர் தண்டவாளத்தைக் கிளைப்பாதைக்குத் திருப்பும். நான்காம் லீவர் மெயின் லைன் கைகாட்டியை இறக்கும்; அது இறங்கினால் ரயில் வரலாம் என்று அர்த்தம். ஒன்பதை இழுத்து வைத்திருந்தால் நான்கு வரக் கூடாது. சிக்னல் கேபின் மாடியின் தரைப்பலகைக்குக் கீழே இரும்புப் பட்டைகள் ஒன்றின் வெட்டில் ஒன்று விழுந்து பூட்டிக்கொள்ளும்.

இப்போது சோதனைக்கு வைத்திருப்பது போலவே, அன்றும் ஒன்பதை இழுத்துத்தான் வைத்திருந்தார். கிளைப்பாதைக்குள் பின்வாங்கிக்கொண்டிருந்த சரக்கு வண்டியில் பயணிகள் ரயில் மோதியது. பதினோரு பேருக்குக் காயம்.

கைகாட்டி இறங்கியிருந்தது என்றார் ரயில் டிரைவர். இறக்கவே இல்லை என்றார் இவர்.

பூட்டு தேய்ந்துபோய் லீவர் வந்துவிட்டால், டிரைவர் சொன்னது நிஜமாகிவிடும். ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கையில் இவர் வேலை போகும். வராவிட்டால் டிரைவருக்கு வேலையும் போகும், ஜெயிலும் உண்டு.

"இன்னொரு தடவை."

இழுத்தார். ம்ஹும்.

பலகைக்குக் கீழே டார்ச்சோடு படுத்திருந்த ஃபிட்டர் குரல் கொடுத்தான். "யானையைக் கட்டி இழுத்தாலும் வராதுண்ணே. பூட்டு கல்லாட்டம் இருக்கு. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "போதும்யா. உங்க மேல தப்பில்ல."

சிக்னல்காரர் பிடியை விடவில்லை.

இடது காலைச் சட்டத்தில் ஊன்றி, கண்ணை மூடி, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கை உரிந்தது.

"அதான் தப்பிச்சுட்டீங்களே. இன்னும் அதோட என்ன மல்லுக்கட்டு?" என்றார் அதிகாரி.

சிக்னல்காரர் பிடியை விட்டார். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"சரி, அந்த டிரைவரை மேல வரச் சொல்லுங்க."

சிக்னல்காரர் ஜன்னலைத் திறந்தார்.

கீழே, மரப்படியில் டிரைவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற அவர் மனைவி சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா... லீவர் வந்துச்சா?"