வாலில்லாத மீன்

மேடையில் குண்டானைக் கையில் வாங்கியதும் ஜெபசெல்வியின் விரல்கள் தாமாகவே அதன் அடியைத் தடவிப் பார்த்தன.

ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. தட்டு, தம்ளர் எல்லாம் அங்கே ஒரே அச்சு. தன்னுடையது எது என்று தெரிய, ஆளாளுக்கு அடியில் ஆணியால் ஒரு அடையாளம் கீறி வைத்துக்கொள்வார்கள். சோற்று வரிசையில் கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பார்த்துவிடும்.

"இது தாய் வீட்டுச் சீதனம்னு நெனச்சுக்கம்மா" என்று மைக்கில் சொன்னார் சிறப்பு விருந்தினர். துறைமுகத்தில் லாரிகள் விட்டிருக்கும் பெரிய மனிதர்.

அவர் கை அவள் தலைமேல் இருந்தது. வியர்வையும் சென்ட்டும் கலந்த ஈரக் கை. போட்டோக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்கக் கேட்க அந்தக் கை அங்கேயே கிடந்தது. சிரிக்க வேறு சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை.

முன்வரிசைக்கு மக்ரூன் இனிப்புப் பொட்டலம் போய்க்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கைதட்டுகிற வேலை மட்டும்.

பதினெட்டு முடிந்துவிட்டது. இனி இல்லத்தில் அவளுக்கு இடம் கிடையாது. நாளை முதல் இறால் கம்பெனியில் வேலை, பக்கத்திலேயே ஒரு வாடகை அறை. இந்தக் குண்டானை நம்பித்தான் நாளைய சோறு. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் விரலில் அது தட்டுப்பட்டது.

ஒரு மீன். வாலில்லாத மீன்.

ஜாய் கீறுகிற மீனுக்குத்தான் வால் இருக்காது. அந்த இடம் வரும்போது அவளுக்கு ஆணி வழுக்கிவிடும்.

இரண்டு வருடம் முன்னால் இதே மேடையில் நின்றவள் ஜாய். மேடையை விட்டு இறங்கியதுமே அவள் மீன் கீறிக்கொண்ட குண்டானையும் அடுப்பையும் பெட்டியில் கட்டி, அவளோடு வேனில் ஏற்றியதை எல்லாரும் பார்த்தார்கள். இனி தனக்கென்று ஒரு குண்டான் இருக்கிறது, இரண்டு பேருக்குப் பொங்கலாம், கூப்பிடுகிறேன் வந்துவிடு என்று ஜெபசெல்வியின் காதில் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

அப்புறம் ஒரு போன்கூட இல்லை. பெங்களூரில் ராணி மாதிரி இருக்கிறாள், நன்றிகெட்டவள் என்பார் மேலாளர் மந்திரமூர்த்தி. ஜெபசெல்வியும் நம்பினாள். ஜாயைத் திட்டாத நாளில்லை.

அப்படியென்றால் வேன் ஜாயை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, பெட்டியோடு திரும்பியிருக்கிறது. வெறும் கையோடு நின்றவள் எந்த வாயால் வா என்று கூப்பிடுவாள்?

த்தூ. ஒரு குண்டானைக்கூடவா.

விரல் கொஞ்சம் நகர்ந்தது. மீனுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கைதட்டல் அடங்கியது. மந்திரமூர்த்தி சிரித்த முகமாக வந்து குண்டானைப் பிடித்தார்.

"குடும்மா. பெட்டியில கட்டி வேன்ல ஏத்திருதோம்."

"வேண்டாம் சார். இடுப்புல வச்சு நடந்தே போயிருதேன்."

அவர் மெல்ல இழுத்தார். கேமரா இன்னும் அவர்கள் பக்கமே இருந்தது.

அவ்வளவு நேரம் சிரிக்காத ஜெபசெல்வி, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். குண்டானை விடவில்லை.