ஐந்து முழம் மல்லிகை

"எனக்கும் ஒரு டம்ளர் வேணும்."

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வாயைத் திறந்து எதுவும் கேட்கக் கூடாது. பார்க்கிற வேலையைப் பற்றி மூச்சே விடக் கூடாது. அம்மா ஒரு வாரமாக நடத்திய பாடம் இதுதான்.

எண்பத்தாறில் எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக பி.எஸ்சி. வேதியியல் பாஸ் பண்ணியவள் நான். இந்தப் பாடம் மட்டும் ஏறவில்லை.

"ஏட்டி!" கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் பல்லிடுக்குக் குரல்.

எனக்கு வேறு வழியில்லை. அடுக்களையில் டிகாக்‌ஷன் இறங்கும்போதே அந்த வாசனை என்னை இழுத்துவிட்டது.

பொடி எங்களுடையது இல்லை. மாப்பிள்ளையின் அப்பா கண்ணுச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறும்போதே, பூ பழத்தோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் காபிப்பொடியும் எடுத்து வந்திருந்தார். கண்ட வீட்டுக் காபி அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

"குடிச்சுப் பாரு தாயி. அங்க இங்க கலந்த கொட்டை இல்ல. தாண்டிக்குடி மலையில ஒரே தோட்டம். சிக்கரி ஒரு பொட்டு கிடையாது. வறுவலும் மீடியம். கருக விட்டா அப்புறம் எந்தத் தோட்டமா இருந்தா என்ன, எல்லாம் கரிதான?"

ஒரு வாய் குடித்தேன்.

முதலில் லேசான புளிப்பு, கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற்போல. பிறகு வெல்லம். கசப்பு கடைசியில்தான் வந்தது, அதுவும் தொண்டையைத் தாண்டிய பிறகு.

"போன செவ்வாக்கிழமை வறுத்தது மாமா. அன்னைக்கு மழை. அரை நிமிஷம் கூடப் போயிருச்சு."

கண்ணுச்சாமி டம்ளரை இறக்கினார்.

"வாங்குனதும் புதன்கிழமைதான்! நாக்கா தாயி இது? ஏலே சம்பத்து, கேட்டியா?"

மாப்பிள்ளை சம்பத்குமார் கேட்கவில்லை. மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க ஊர்க் கடையிலதான் வாங்குதேன். வறுக்கிறவுகள இதுவரைக்கும் கண்ணால பாத்ததில்ல. பின்கட்டுலேயே இருப்பாகளாம். எப்படியும் முப்பது வருஷம் கை பழகுன பெரியவராத்தான் இருக்கணும். அவியளுக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்து ஒரு நாள் காலுல விழணும்."

"விழுங்க மாமா. நல்லதுதான்."

உள்ளே அம்மாவுக்கு இருமல் வந்தது.

அடுத்த வாய்க்கு முன்னால் கண்ணுச்சாமியின் முகம் மாறியது. கல்யாணப் பேச்சு முகம்.

"படிச்ச பிள்ளை, எங்களுக்கும் பெருமைதான். பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல பி.எஸ்சி. போட்டுருவோம். கல்யாணத்துக்குப் பொறவு வேலை கீலைன்னு பேச்சு மட்டும் வரக் கூடாது."

என்ன வேலை என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. பையன் பக்கம் திரும்பினேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அப்பா சொன்னாச் சரிதான்."

கடலை முடிந்து ஓமப்பொடிக்குப் போயிருந்தார்.

மணி பத்தரை. மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கண்ணுச்சாமி முன்னாலேயே வைத்தேன்.

"வேலைக்கு நேரமாச்சு, நான் வாரேன் மாமா. லேட்டாப் போனா உங்களுக்குத்தான் கஷ்டம்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

பதினோரு மணிக்குத் தாண்டிக்குடி மூட்டையைப் பிரித்து நான்தான் டிரம்மில் கொட்ட வேண்டும். கொட்டை வெடிக்கிற சத்தம் அடங்கும்போது கீழே இறக்குவதற்கு அந்தக் கடையில் வேறு காது கிடையாது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தலையிலிருந்த மல்லிகையை உருவினேன். ஐந்து முழம். அம்மா அதை அழகுக்கு வைக்கவில்லை. இரண்டு தடவை சீயக்காய் தேய்த்தும் என் பின்னலை விட்டுப் போகாத ஒன்றை மூடி மறைப்பதற்கு வைத்தாள்.

பூவைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினேன். காற்று என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனது.

"யாரும்மா அது, அடுக்களையில கொட்டை வறுக்கிறது?" கண்ணுச்சாமியின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. "அதே கை மாதிரில்ல இருக்கு!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.