செயப்பாட்டுவினை

“அடி விழுந்ததுன்னு எழுதியிருக்கீங்களே டாக்டர், அது என்ன மரத்துலேருந்தா விழுந்தது? யார் அடிச்சா? எழுவாய் எங்கே?”

மனித உரிமைச் சங்கத்தில் அறிக்கைகள் எழுதும் அவளுக்கு ‘எழுவாய் அக்கா’ என்னும் பெயர் இப்படித்தான் வாய்த்தது. செய்தவர் இன்னார் என்று சொல்லாத வாக்கியம் எதுவும் அவள் கையிலிருந்து தப்பியதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: ‘அச்சகத் தொழிலாளி ஒருவர் காணாமலாக்கப்பட்டார்.’ ஆக்கியவர் யாரென்று சொல்ல ஒரு சாட்சியும் அகப்படவில்லை. அந்த வரியைக் காணுந்தோறும் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

நாடுகளின் மனித உரிமை நிலையை ஆராயும் உலக அவைக்கு அந்த அறிக்கையை அனுப்ப அன்றே கடைசி நாள். அவள் அங்கே சென்று பேசுவதாகவும் இருந்தது. அதனைத் தடுக்க அரசு செய்யாத சேட்டை இல்லை. சங்கத்தின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். தீத்தடுப்பு வசதி போதாதென்று பின்னறையைப் பூட்டினார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டையும் பறித்துக்கொண்டார்கள்.

“எதிர்ல இருக்கிற இந்தக் காலி நாற்காலியை மட்டும் ஏனோ விட்டுவச்சிருக்காங்க” என்றார் சங்கத் தலைவரான டாக்டர்.

“மிரட்ட வர்றவங்க உக்கார வேணாமா?”

அவள் சொல்லி வாய் மூடவில்லை. விசாரணை அதிகாரி உள்ளே வந்து அதே நாற்காலியில் அமர்ந்தார். பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஒரே ஒரு சொல்தாம்மா. ‘காணாமலாக்கப்பட்டார்’னு போட்டா, நாங்க என்னமோ ஆளையே விழுங்கிட்ட மாதிரி இருக்கு. அதை எடுத்துட்டு என் கண் முன்னால அனுப்புங்க. இதை வாங்கிக்கிட்டு நிம்மதியா விமானம் ஏறுங்க.”

“எடுத்துட்டு என்ன சார் போடறது?”

“காணாமப் போனார்னு போடுங்க. யார் பெத்த பிள்ளையோ! அவனுக்காக நீங்க ஏம்மா இப்படி வீம்பு பிடிக்கணும்?”

அவள் கணினித் திரையின் பக்கம் திரும்பி, அந்த வரியைத் தேடி எடுத்தபடியே கேட்டாள்:

“தானா காணாமப் போறதுக்கு அவர் என்ன குடையா சார்? முகத்தை மூடிக்கிட்டு வந்தவங்க தரதரன்னு இழுத்துட்டுப் போனதாத் தெருவே சொல்லுது. பாவம், மேலிடத்துல சொல்லிக் கொடுத்ததை நீங்க இங்க வந்து ஒப்பிக்கறீங்க. அங்க நடந்தது உங்களுக்கு என்ன தெரியும்?”

அதிகாரியின் முகம் சிவந்தது. “எனக்கா தெரியாது? யாரும் இழுக்கல! நான்தான் தோளைப் பிடிச்சு வண்டியில ஏத்தினேன். பொட்டிப்பாம்பா ஏறினான்!”

டாக்டரின் பேனா கையிலிருந்து நழுவிற்று. அவளோ திரையினின்றும் கண்ணை எடுக்கவில்லை.

“அப்படின்னா நான் எழுதினது தப்புதான் சார். மாத்திடறேன்.”

அந்த வரியை அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டச்சு செய்தாள். அதிகாரி எழுந்து வந்து, கணினியில் அந்தச் சொல்லைத் தேடச் சொன்னார். அறிக்கை முழுவதிலும் அது இல்லை என்று திரை காட்டிற்று.

“ம்... அனுப்புங்க.”

அனுப்பினாள். கிடைத்துவிட்டதென்று உலக அவையிலிருந்து பதிலும் வந்தது.

“இவ்வளவுதானே! இதுக்கா இத்தனை இழுபறி?” அதிகாரி சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை அவள் பக்கம் தள்ளினார். “காணாமப் போனார்னுதானே போட்டீங்க?”

“இல்ல சார். ‘இப்பகுதியின் விசாரணை அதிகாரி அவரைத் தோளைப் பிடித்து வண்டியில் ஏற்றினார், எங்கள் இருவர் முன்னிலையில் அவரே இதைக் கூறினார்.’”

டாக்டர் தம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவள் பாஸ்போர்ட்டை அதிகாரியிடமே திருப்பித் தள்ளினாள்.

“இதை நீங்களே வச்சுக்கங்க சார். அறிக்கை போயிடுச்சு, அது பேசிக்கும். என் வீட்டுக்காரரை எங்க இறக்கிவிட்டீங்கன்னு நீங்க சொல்ற வரைக்கும், நான் எங்கயும் போறதா இல்ல.”